அலமாரி இடுக்கில் ஒரு வெள்ளை

படத்தின் வெளிச்சத்தை, அதாவது எக்ஸ்போஷரை, இரண்டு படி ஏற்றிய பிறகும் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கு மட்டும் வெளுக்கவில்லை.

நடுப்பகல்தான். திரையில் நிறம் சரியாகத் தெரிய வேண்டுமென்று அவள் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டிருந்தாள். கணினி விசிறியின் முனகலும், சூடேறிய தூசியின் வாசனையும், அடுத்த அறையான படுக்கையறையில் தூங்கும் நான்கு வயது மகளின் லேசான குறட்டையும் தவிர வீட்டில் வேறொன்றும் இல்லை. படத்தில் இருப்பதும் அந்த மகள்தான். இப்போது போட்டுக்கொண்டு தூங்கும் அதே வெள்ளை கவுனில், அந்தப் படுக்கையறை அலமாரி முன்னால் நிற்கிறாள். காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் குழந்தையின் அப்பா எடுத்தது. பெயருக்குத்தான் மனிதர் போட்டோகிராபர். எதையும் இருட்டாக எடுத்துவிட்டு, "ரா ஃபைல்தானே, வெளிச்சத்தை நீ தூக்கிக்கோ" என்று நழுவிவிடுவார். அவருடைய இருட்டுக்கெல்லாம் வெளிச்சம் போட்டே இவள் கண் பாழாகிவிட்டது.

நிழல்களைத் தூக்கும் பட்டையை வலது கோடிவரை இழுத்தாள். இடுக்கில் மணல் தூவியதுபோல் ஏதோ எழும்பியது. நடுவில் சின்னதாக ஒரு வெள்ளை. தொங்கும் சட்டையின் பொத்தானாக இருக்கும் என்று நினைத்தாள். கவுன் ஏற்கெனவே அளவுக்கு மீறி வெளிறிப்போயிருந்ததால் ஒயிட் பேலன்சுக்கு வேறு வெள்ளை தேவைப்பட்டது. அந்தப் புள்ளியின் மேல் குறியை வைத்துச் சொடுக்கினாள். இதுதான் வெள்ளை என்று மென்பொருளிடம் காட்டிக் கொடுக்கும் வேலை அது. மற்ற நிறங்களெல்லாம் அதைப் பார்த்துத் தங்களைத் திருத்திக்கொள்ளும்.

திருத்திக்கொண்டன. மகளின் முகம் நீலம் பாய்ந்தது. உதடு சாம்பலானது. இடுக்கில் மட்டும் நல்ல சதை நிறம் ஏறியது. ஒரு நெற்றி. ஒரு கன்னம். அது பொத்தான் இல்லை. கண்ணின் வெள்ளை.

கணவனுக்கு போன் போட்டாள்.

"என்னங்க, காலையில குட்டியை எடுத்தப்போ ரூம்ல வேற யாரு இருந்தா?"

"வேற யாரு இருப்பா? நானும் அவளும்தான். ஏன், ரொம்ப இருட்டா இருக்கா?"

"விளையாடாதீங்க. அலமாரி பக்கத்துல..."

"அம்மா." அடுத்த அறையிலிருந்து. "குளிருதும்மா."

குறட்டை நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

செய்த மாற்றத்தை அவசரமாக நீக்கினாள். படம் பழைய நிறத்துக்குத் திரும்பியது. மகளின் கன்னம் சிவந்தது. தாய்க்கு மூச்சு வந்தது. பிறகு இடுக்கைப் பார்த்தாள். வெறும் கறுப்பு. பட்டை வலது கோடியில்தான் நிற்கிறது. நெற்றி இல்லை. கன்னம் இல்லை. அந்த வெள்ளையும் இல்லை.

"ஹலோ? என்னாச்சு? ஹலோ?"

போனை மேஜையில் போட்டுவிட்டு ஓடினாள். படுக்கையறையின் ஜன்னல் திரையைப் பிடித்து இழுத்தாள். வெயில் கொட்டியது.

சுவர் சுவராக இருந்தது. கவுன் வெள்ளையாக இருந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த மகள் நீலமாக இருந்தாள். உதடு சாம்பல். கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை.

"இப்ப குளிரலம்மா."

மகளின் குரல்தான். ஆனால் கட்டிலில் இருந்தவளின் வாய் அசையவில்லை.

அலமாரி இடுக்கிலிருந்து, சிவந்த கன்னம் ஒன்று மெல்ல வெயிலுக்கு வந்தது.