கோட்டை வாசலில் தூங்கிய சிப்பாய்

தீபாவளி லீவு விட்டால் போதும், புனேயில் காட்கி குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்குக் கை பரபரக்கும். மண்ணைக் குழைத்து வாசலில் கோட்டை கட்டுவார்கள். மலை, படிக்கட்டு, பொம்மைச் சிப்பாய்கள் என்று அமர்க்களப்படும்.

சோனியாவால் மட்டும் அதில் சேர முடியவில்லை. இரண்டு நாளாகப் படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். எல்லாம் தம்பி ஜெபகுமாரால் வந்த வினை! நாலு வயதாகியும் அவனுக்குப் பேச்சு வரவில்லை. நடையும் தள்ளாட்டம்தான். முந்தாநாள் கோட்டை மேலேயே தொப்பென்று விழுந்து வைத்தான்.

"நீ வா. அவன் வேண்டாம்," என்று பக்கத்து வீட்டு ப்ராஜக்தா மராத்தியில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள். இவனை யாரிடம் விடுவது? சோனியா காலடியில் கிடந்த ஒரு கல்லைத் தம்பிக்குக் காட்டினாள்.

"டேய், அந்தக் கல்லையாவது எடுத்துக் குடுடா."

அவன் சும்மா இருந்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெகுநேரம் கழித்து அவள் கையில் ஏதோ பட்டது. பார்த்தால், கல்!

'அவனுக்கு வளர்ச்சி கொஞ்சம் தாமதம்னு டாக்டர் சொன்னாங்கல்ல? கத்துக்குவான், நேரம்தான் ஆகும்' என்று அம்மா சொன்னது நினைவு வந்தது. ஐயோ, நான் காத்திருந்ததே இல்லையே!

தம்பியின் கையைப் பிடித்துக் கோட்டைக்கு அழைத்துப் போனாள்.

"ஒரே ஒரு சிப்பாய் இவன் வைக்கட்டும். கோட்டை இடிஞ்சா நானே கட்டித் தரேன்."

"சரி, சீக்கிரம்!" என்றாள் ப்ராஜக்தா.

"சீக்கிரம் முடியாது. அதைத்தான் கேக்கிறேன்."

ஜெபகுமார் சிப்பாயை வாங்கினான். திருப்பிப் பார்த்தான். மோந்து பார்த்தான். உதவ வந்த ப்ராஜக்தாவின் கையைச் சோனியா தடுத்தாள். ஒரு வீட்டிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள். யாரும் அசையவில்லை.

கடைசியில் அவன் கோட்டை வாசலில் சிப்பாயை வைத்தான். படுக்கவைத்தான்.

சோனியா ப்ராஜக்தாவின் முகத்தைப் பார்த்தாள்.

ப்ராஜக்தா குனிந்து பார்த்தாள். "ராத்திரியெல்லாம் காவல் காத்திருப்பான், பாவம். தூங்கட்டும்," என்று ஓர் இலையைப் பறித்துச் சிப்பாய்க்குப் போர்த்திவிட்டாள். பிறகு பொம்மைக் கூடையை ஜெபகுமார் பக்கம் தள்ளினாள். "இன்னொன்னு வைடா."

எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ப்ராஜக்தாவின் முழங்கை சோனியாவின் விலாவில் நன்றாகவே இடித்தது. சோனியா கொஞ்சமும் நகரவில்லை.