முன்சக்கரத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு

சனிக்கிழமை காலை 6.47. மலைச்சாலையின் மூன்றாவது வளைவில் ஒரு பெண் சைக்கிளோடு விழுந்தாள்.

எதிரே ஏறி வந்துகொண்டிருந்த பால் வண்டி டிரைவர் அதை முழுசாகப் பார்த்தார். வளைவுக்கு அறுபது அடி முன்பே முன்சக்கரம் தள்ளாடியது. டயர் தட்டையாகி, ரிம் தார் ரோட்டில் உரசுகிற சத்தம் வண்டிக்குள் வரை கேட்டது. அவள் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்துச் சமாளிக்கப் பார்த்தாள். முடியவில்லை. தடுப்புச் சுவரில் மோதி மழைநீர்க் கால்வாய்க்குள் போய் விழுந்தாள். சைக்கிள் மட்டும் நடு ரோட்டில் கிடந்தது.

விழுந்தவள் தபால்காரி. வயது முப்பத்தொன்று. ஊரில் பாதித் தெருக்களுக்குக் கடிதம் கொண்டுபோகிறவள். அடுத்த வார ஞாயிறு நடக்கவிருந்த தேர்வுப் பந்தயத்தில் அவள்தான் ஜெயிப்பாள் என்று அவளைப் பிடிக்காதவர்கள்கூட ஒத்துக்கொண்டிருந்தார்கள். அவள் சேர்ந்திருந்த கிளப்பில் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். மீதி நாற்பது பேர் சைக்கிள் வாங்கத் தெரிந்தவர்கள்.

7.20க்கு இன்ஸ்பெக்டர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. போக்குவரத்துப் பிரிவில் இருபத்திரண்டு வருடம். வண்டியின் மேல் பழி போடுகிறவர்களைக் கேட்டுக் கேட்டு முகத்தில் நிரந்தரமாக ஒரு சலிப்பு படிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் அதற்குள் போய்விட்டிருந்தது. பால் வண்டி டிரைவரும், தபால்காரியோடு காலையில் மலை ஏறிய இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

ஒருத்தி இளம் வக்கீல். கிளப்பில் ஓட்டத் தெரிந்த இன்னொருத்தி. தபால்காரி வராவிட்டால் பந்தய இடம் இவளுக்குத்தான். சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தம். அது தபால்காரியுடைய ரத்தம்.

இன்னொருவர் கிளப்பின் தலைவர், பல் டாக்டர். சட்டையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. முதுகுக்குப் பின்னால் அவரை ‘டயர் பண்டிதர்’ என்று சொல்வார்கள். அது அவருக்கும் தெரியும், பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தார். வாராவாரம் கிளப்பின் வாட்ஸப் குழுவில் டயர்களைப் பற்றிக் கட்டுரை எழுதுவார். இன்றைக்கும் எழுதியாகிவிட்டது. 7.01க்கு ஒரு போட்டோ: முன்சக்கரத்தில் குத்தி நிற்கும் பச்சைக் கண்ணாடிச் சில்லு. அடியில் ஒரு வரி: ‘இதைத்தான் மூன்று வருடமாகச் சொல்லி வருகிறேன்.’

அடிபட்டவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றியது 7.04க்கு. இன்ஸ்பெக்டர் இரண்டு நேரத்தையும் நோட்டில் அடுத்தடுத்து எழுதிக்கொண்டார்.

என்ன சொல்லி வந்தீர்கள் என்று கேட்டதுதான் தாமதம், டாக்டர் ஆரம்பித்துவிட்டார். அன்று மாலை ஐந்து மணிக்குக் கிளப்பில் கூட்டம். அணிக்கு எந்த டயர் என்று முடிவெடுக்க வேண்டும். தபால்காரி தடித்த டயர் கட்சி. தரையைத் தொடுகிற பாகத்துக்கு அடியில் முள்ளும் கண்ணாடியும் நுழையாமல் ஒரு பட்டை வைத்து வருகிற டயர், முந்நூற்றைம்பது கிராம். பயிற்சிக்கு அதுதான் சரி, பாதி வழியில் ட்யூப் மாற்றிக்கொண்டிருந்தால் அது பயிற்சியா என்பாள். பந்தயத்துக்கும் அவள் காகிதம் மாதிரி டயர் கேட்கவில்லை. கொஞ்சம் லேசானது, ஆனால் பட்டை உள்ளது. மெல்லிய டயரில் மிச்சமாவது சில நொடி, ஒரு பங்க்சரில் போவது மூன்று நிமிடம் என்பது அவள் கணக்கு. அந்தத் தடித்த டயரிலேயே ஆறாயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன், ஒரு பங்க்சர் இல்லை என்று போன வாரம் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறாள்.

டாக்டர் இருநூறு கிராம் டயர் கட்சி. பயிற்சிக்கும் அதுதான், பந்தயத்துக்கும் அதுதான். பட்டை என்பது கடைக்காரன் கட்டிவிட்ட கதை, ஒரு சில்லுக்குக்கூடத் தாங்காது என்றார். அப்படியும் இல்லையென்றால் மாட்டினவன் சரியாக மாட்டியிருக்க மாட்டான். மாட்டினவன் தபால்காரியின் அண்ணன், கிளப்பின் மெக்கானிக். அவனை வேலையை விட்டு எடுக்கச் சொல்லியும் டாக்டர் ஏற்கெனவே குழுவில் எழுதியிருந்தார்.

தன் தொப்பையைத் தவிர எல்லாவற்றையும் கிராம் கணக்கில் எடை போடுகிற மனிதர் என்று இன்ஸ்பெக்டர் நினைத்துக்கொண்டார். நோட்டில் எழுதவில்லை.

வக்கீல் சொன்னது சுருக்கம். 5.30க்கு அடிவாரத்தில் கிளம்பினார்கள். பன்னிரண்டு கிலோமீட்டர் ஏற்றம். 6.20க்கு உச்சியில் காபிக் கடை. சைக்கிள்களைக் கடையின் பக்கச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார்கள். நடுவில் வக்கீல் கழிவறைக்குப் போனாள், டாக்டர் போன் பேச வெளியே போனார். 6.38க்கு இறங்க ஆரம்பித்தார்கள். தபால்காரி முன்னால், இவள் பின்னால், டாக்டர் கடைசி.

விழுந்ததும் என்ன செய்தீர்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். வக்கீல் தன் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டுக் கால்வாயில் இறங்கித் தபால்காரியின் தலையைப் பிடித்துக்கொண்டதாகச் சொன்னாள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து கையை விலக்கும்வரை விடவில்லை. பால் வண்டி டிரைவர் அதை ஆமோதித்தார். அந்தப் பெண் ரோட்டில் கிடந்த சைக்கிளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றார். அவரும் கால்வாயில்தான் இருந்தார், அடிபட்டவளின் காலைப் பிடித்துக்கொண்டு. டாக்டர் ஒரு நிமிடம் கழித்து வந்தார். தன் சைக்கிளைச் சுவரில் பத்திரமாகச் சாய்த்தார். நடு ரோட்டில் கிடந்ததை ஓரமாக எடுத்து வைத்தார். போட்டோ எடுத்தார்.

“நல்ல காரியம்தான். இல்லாட்டி வேற வண்டி எதுவும் அதுல மோதியிருக்கும்” என்றார் டிரைவர்.

அந்த வளைவில் இரண்டு போலீஸ்காரர்கள் அரை மணி நேரம் ரோட்டைக் கூட்டினார்கள். வேறு பச்சைக் கண்ணாடி ஒரு துண்டும் கிடைக்கவில்லை. காபிக் கடையின் பின்னால் ஒரு பெட்டி நிறைய உடைந்த பச்சை சோடா பாட்டில்கள் இருந்தன.

9.30. காவல் நிலையத்தின் பின்கட்டு. மூன்று சைக்கிள்களும் அங்கே இருந்தன. டயரை எப்படிக் கழற்றுவது என்று தனக்குக் காட்டச் சொன்னார் இன்ஸ்பெக்டர், அவரவர் சைக்கிளில். வக்கீல் பையிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நெம்புகோல்களை எடுத்து ஒரு நிமிடத்தில் கழற்றி வைத்தாள். அவள் நகக்கண்ணில் பழைய கிரீஸ் கறுப்பு. டாக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் டயரின் அமைப்பை விளக்கினார். நூலிழை எத்தனை, ரப்பர் எந்த வகை, பட்டை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று படம் போட்ட மாதிரி சொன்னார். கழற்றச் சொன்னபோது, அதெல்லாம் மெக்கானிக் வேலை என்றார்.

பிறகு மெக்கானிக் அண்ணனை வரவழைத்து, போலீஸ்காரர் வீடியோ எடுக்க, எல்லார் முன்னிலையிலும் தபால்காரியின் முன்சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். அவன் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தான். கண் சிவந்திருந்தது. காலை ஐந்தே காலுக்குத் தானே காற்று அடித்துக் கல் மாதிரி வைத்ததாகச் சொன்னான். ட்யூப்பை வெளியே எடுத்து லேசாகக் காற்றேற்றித் தண்ணீரில் முக்கினான். குமிழி வந்தது ஒரே ஒரு இடத்தில், வால்வுக்கு ஒரு சாண் தள்ளி. ஊசி முனை அளவு ஓட்டை.

“மாட்டும்போது ட்யூப் நசுங்கியிருந்தா இப்படியா இருக்கும்?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“இல்ல மேடம். நசுங்கினா கிழிசல் மாதிரி இருக்கும். இது குத்தினது.”

“டயர்ல எந்த இடம்னு கண்டுபிடிக்க முடியுமா?”

அவன் டயரின் மேல் அச்சடித்திருந்த பெயரைக் காட்டினான். தான் மாட்டுகிற எல்லா டயரிலும் அந்தப் பெயர் வால்வுக்கு நேராக வரும்படி வைப்பதாகவும், ட்யூப்பில் ஓட்டை எங்கே என்று தெரிந்தால் டயரில் குத்தியது எங்கே என்று அளந்துவிடலாம் என்றும் சொன்னான். கழற்றும் முன்பு பெயர் வால்வுக்கு நேராகவே இருந்ததை வீடியோ காட்டியது.

இன்ஸ்பெக்டர் டயரைக் கையில் வாங்கி நிதானமாகப் பார்த்தார். பிறகு எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். மாலைக் கூட்டத்துக்குத் தானும் வருவதாகச் சொன்னார். டாக்டருக்குச் சந்தோஷம். கேட்க இன்னும் ஒரு ஆள் கிடைத்தது.

மாலை 5.00. கிளப் அறை. கூட்டத்தைத் தள்ளிப்போடலாம் என்று வக்கீல் கேட்டிருந்தாள். இந்த நேரத்தில்தான் அவசியம் என்று டாக்டர் மறுத்துவிட்டார். சுவரில் படம் காட்டும் கருவி. முதல் படமே அந்தக் கண்ணாடிச் சில்லு. டாக்டர் வருத்தம் தெரிவித்து நாலு வார்த்தை சொன்னார். ஐந்தாவது வார்த்தை டயர்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

“அந்தப் படம் அப்படியே இருக்கட்டும் டாக்டர். நீங்க உக்காருங்க.”

அவர் உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தாமல் பேசினார். சில்லு இருக்கும் இடம் வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கம். ட்யூப்பில் ஓட்டை இருப்பது வால்வுக்குப் பக்கத்தில். அதனால் இந்தச் சில்லு அந்த ஓட்டையைப் போடவில்லை. டயரின் உட்புறம் சில்லுக்கு நேரே வழவழவென்று இருக்கிறது. கட்டுக்கதை என்று சொல்லப்பட்ட பட்டை கண்ணாடியை உள்ளே விடவே இல்லை. ஓட்டை டயரின் பக்கவாட்டில் இருக்கிறது. தரையைத் தொடாத, பட்டை இல்லாத, மெல்லிய பாகம். அங்கே தானாக எதுவும் குத்தாது. யாரோ ஊக்கால் குத்தியிருக்கிறார்கள். ஐந்தே காலுக்கு அடித்த காற்று ஏற்றம் முழுக்கத் தாங்கியது. ஆகவே குத்தியது காபிக் கடையில்.

அறையில் பாதிப் பேர் வக்கீலைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டருக்கு அது எதிர்பார்த்ததுதான்.

“படத்தை நல்லாப் பாருங்க. அந்த டயர் காத்து இல்லாம அறுபது அடி தார்ல தேய்ஞ்சிருக்கு. ரப்பர்ல இருக்கிற ஒவ்வொரு கீறல்லயும் ரோட்டுப் புழுதி அப்பியிருக்கு. சில்லு மட்டும் கழுவி வச்ச மாதிரி இருக்கு, முனைகூட மழுங்கல. அது விழுந்தப்புறம் சொருகினது. விழுந்தப்புறம் அந்தச் சக்கரத்தைத் தொட்டது ஒரே ஒருத்தர்.”

கால்வாயில் ஒரு பெண் ரத்தத்தில் கிடக்கிறாள். ஒருத்தி ஓடிப்போய்த் தலையைப் பிடிக்கிறாள். வழியோடு போன பால்காரர் இறங்கிக் காலைப் பிடிக்கிறார். டாக்டர் பட்டம் வாங்கியவர் சைக்கிளிடம் போகிறார். காலையிலிருந்து எல்லாரும் இதைச் சொன்னார்கள், யாருக்கும் உறுத்தவில்லை என்றார் இன்ஸ்பெக்டர். ரோட்டை ஒழுங்குபடுத்தினார் என்று நன்றி வேறு.

டாக்டர் உதட்டை நனைத்துக்கொண்டார். சட்டம் தெரிந்தவர்கள் இரண்டு பேர் அந்த அறையில் இருந்தார்கள். ஒருவரும் அவருக்காக வாய் திறக்கவில்லை.

“அவளுக்கு அடிபடணும்னு நான் நினைக்கல” என்றார் கடைசியில். “மேலேயே காத்து இறங்கிடும், கடைக்குப் பின்னால எடுத்த சில்லைச் சொருகிக் காட்டிடலாம்னு நினைச்சேன். இறங்கவே இல்ல. அவ கிளம்பிட்டா.”

“கிளம்பும்போது சொல்லியிருக்கலாம்.”

“எப்படிச் சொல்றது?”

இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுகிற அளவுக்கு அங்கே ஆள் இல்லை.

“ஊக்குக் குத்தின ஓட்டையில காத்து மெதுவாத்தான் இறங்கும். ஒரே ஒரு தடவை உங்க கையால பங்க்சர் ஒட்டியிருந்தா அது தெரிஞ்சிருக்கும். டயர்ல பட்டை எங்க முடியுதுன்னு படிச்சிருக்கீங்க. பேரு ஏன் வால்வுக்கு நேரா இருக்குன்னு தெரியல. இது டயரைப் பத்தி எல்லாம் படிச்சிட்டு, ஒண்ணைக்கூட மாட்டாத ஆள் செஞ்ச வேலைன்னு காலைல பின்கட்டுலயே தெரிஞ்சுபோச்சு. எழுந்திருங்க.”

அவர் எழுந்தார். வாசலில் நின்று, அந்தத் தடித்த டயர் உண்மையிலேயே வேகம் குறைவு, அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

ஞாயிறு காலை 10.30. ஆஸ்பத்திரி. தபால்காரியின் இடுப்பெலும்பில் நாலு திருகாணி போட்டிருந்தார்கள். நடக்க மூன்று மாதம், சைக்கிள் ஏற எட்டு மாதம் ஆகும் என்றார்கள். பந்தயம் போனது போனதுதான். அண்ணன் கட்டில் ஓரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். வக்கீல் வந்து போயிருந்தாள். பந்தயத்துக்கு எந்த டயர் போடட்டும் என்று கேட்டுவிட்டு, தபால்காரி சொன்னதையே எழுதி எடுத்துப் போயிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் நடந்ததைச் சொன்னார். டயரை யாரோ குத்தியிருக்கிறார்கள் என்று மட்டும்தான் தபால்காரிக்கு அண்ணன் சொல்லியிருந்தான். தன் இடத்துக்கு யாராவது ஆசைப்பட்டிருப்பார்கள், அல்லது தன் மேல் ஏதாவது பகை இருந்திருக்கும் என்று இரவெல்லாம் யோசித்துக்கொண்டு கிடந்ததாகச் சொன்னாள்.

“பகையெல்லாம் இல்லம்மா. கூட்டத்துல அவர் சொன்னதுதான் சரின்னு ஆகணும். அவ்வளவுதான்.”

தபால்காரி அண்ணன் நீட்டிய சுளையை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

“இதுக்கா?” என்றாள். “வந்து கேட்டிருந்தா, நீங்க சொல்றதுதான் சரின்னு நானே சொல்லிட்டுப் போயிருப்பேனே.”