கதவடியில் நின்ற மாமி

அழைப்பு மணியை ஒரு தரம் அடித்துவிட்டுக் காத்திருக்கும் பழக்கம் வள்ளிநாயகிக்கு இல்லை. கதவு திறக்கும்வரை விரலை எடுக்கமாட்டாள். அதுவும் கோபமாக வந்தால் கேட்கவே வேண்டாம், பாரிசின் மார்க்ஸ் டோர்மோய்ப் பகுதியிலுள்ள அந்தப் பழைய கட்டடம் முழுவதும் எழும்பிவிடும்.

சிவரஞ்சினி தோசைக்கல்லில் வேகிற ரொட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை காலை, கணவன் தவசீலனுக்கு ரெஸ்ரோறன்ட் லீவு, இன்னும் படுக்கையில் கிடந்தான். நாலு மாடி ஏறி வந்த மூச்சிரைப்பில் பேச்சு வராமல் வாசலில் நின்றாள் மச்சாள் வள்ளிநாயகி. அவளுக்குப் பின்னால், குளிர்ச்சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அவளுடைய ஒரே மகள் ஆனைஸ்.

"வாங்கோ மச்சாள்... உள்ளுக்கு வாங்கோ..."

"தம்பி எங்கை? எழும்பி வரச் சொல்லு. தன்ரை அருமை மகள் செய்த வேலையை வந்து பாக்கட்டும்!"

வள்ளிநாயகி தவசீலனின் அக்கா. தம்பியையும் அவன் மனைவியையும் பிரான்சுக்கு எடுப்பித்ததும், விசா இல்லாத நாட்களில் பாரிசின் புறநகரான சார்செலில் தன் வீட்டிலேயே வைத்துச் சோறு போட்டதும் அவள்தான். அந்தச் சோற்றைச் சிவரஞ்சினி இருபது வருடமாகச் செரித்துக்கொண்டிருக்கிறாள். மச்சாள் வீட்டு விசேஷமென்றால் முதல் ஆளாகப் போய் வெங்காயம் உரிப்பவளும் கடைசி ஆளாக நின்று சட்டி கழுவுபவளும் இவள்தான். நன்றிக்கடன் என்று ஒன்று இருக்கிறதே, அது ஒருநாளும் அடைபடாது.

குசினி மேசையின் ஓரத்தில் படம் கீறிக்கொண்டிருந்த மகள் அக்‌ஷரா தலை நிமிர்ந்தாள். ஓவியப் பள்ளியில் படிக்கிற பிள்ளை. படிப்புக்கு நடுவில் இன்டர்நெட்டில் ஒரு சித்திரக்கதை நடத்துகிறாள். வீட்டுக்குக் கீழே ஓடுகிற மெற்றோவின் பெயரையே அதற்கும் வைத்திருந்தாள், 'லீன் தூஸ்', பன்னிரண்டாம் பாதை. அதில் வருகிற எல்லோரும் பறவைகள். வாசகர்கள் தங்கள் வீட்டுக் கதைகளை அவளுக்கு எழுதி அனுப்புவார்கள். அவள் வெள்ளிக்கிழமைதோறும் அதில் ஒன்றை எடுத்து, பெயரையும் ஊரையும் மாற்றிக் கீறிப் போடுவாள். எழுதியவர் யார் என்று எவருக்கும் சொல்வதில்லை. அது அவள் வாசகர்களுக்குக் கொடுத்த வாக்கு.

தாய்க்குப் பிரெஞ்சு வாசிக்க வராது. ஆனாலும் மகள் கீறும்போது பக்கத்தில் நின்று பார்ப்பாள். புறா ஏன் அழுகிறது, காகம் எதற்குப் பெட்டி கட்டுகிறது என்று கேட்பாள். மகள் கதையைச் சொன்னதும் புறாவோடு சேர்ந்து இவளும் அழுவாள். போன கிழமை மட்டும் அவளுக்கு அலுவலகத் துப்புரவு வேலை இரண்டு மடங்கு, படத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் காலையே விடிந்திருக்காது.

தவசீலன் சாரத்தை இறுக்கிக்கொண்டு வந்து நின்றான். வள்ளிநாயகி தன் போனை மேசையில் அடித்து வைத்தாள்.

"பார் தம்பி, வடிவாப் பார்! மைனாவுக்குச் சாமத்திய வீடாம்! மூண்டு சீலை மாத்தினதாம்! ஆலாத்தி எடுத்தது கமெராவிலை சரியா விழேல்லையெண்டு வீடியோக்காரக் கொக்கு திரும்பத் திரும்ப எடுக்கச் சொன்னதாம்! எனக்கு இதை அனுப்பினதே அந்த வீடியோக்காரப் பிரசாந்தன்தான். 'அக்கா, என்னைக் கொக்காக் கீறியிருக்கினம்' எண்டு சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுறான். ஆரின்ரை சாமத்திய வீடு தம்பி இது? சொல்லு!"

சொல்ல என்ன இருக்கிறது? ஆனைஸ் பெரியபிள்ளையானதற்கு இளவேனிலில் வில்லியே லே பெல் என்ற ஊரின் மண்டபத்தில் ஊரைக் கூட்டிச் செய்த விழா அது. பூ ஊஞ்சல், பல்லக்கு, பலகாரத் தட்டு வரிசை, எல்லாம் அப்படியே பறவைகளாக மாறியிருந்தன. அக்‌ஷரா அன்றைக்குப் பள்ளியில் சோதனை என்று போகவில்லை.

"உதைக்கூடப் பொறுப்பன். கீழை பார். மைனா பாத்ரூமுக்குள்ளை கதவைப் பூட்டிக்கொண்டு அழுததாம். 'மாமி, எனக்கு இது வேண்டாம், எல்லாரும் என்னைப் பாக்கினம்' எண்டு சொன்னதாம். அண்டைக்கு அந்தக் கதவடியிலை நிண்டது ஆர்? உன்ரை பெண்சாதி! என்னட்டை வந்து பிள்ளைக்கு வயித்துக்குத்து எண்டு சொன்னவள்... தன்ரை மகளிட்டை மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறாள்! சந்தி சிரிக்க வைச்சிட்டாளே!"

சிவரஞ்சினி மச்சாளின் கையைப் பிடித்தாள். "மச்சாள்... பிள்ளையாணை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை..."

அது உண்மை. அந்த அழுகையை அவள் புருஷனிடம்கூடச் சொல்லாமல் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தாள்.

"மாமி, அம்மா சொல்லேல்லை" என்றாள் அக்‌ஷரா. "ஒரு லெக்த்ரிஸ்... என்ரை கதையை வாசிக்கிற ஒரு ஆள் எழுதினது. பேர் போடாமல்தான் எழுதினவை. ஆரெண்டு எனக்கும் தெரியாது."

"ஆரோ ஒருத்திக்கு உன்ரை கொம்மா கதவடியிலை நிண்டது எப்பிடியடி தெரியும்? வாசிக்கிற ஆளாம், எழுதிற ஆளாம்! இன்னும் கேள் தம்பி. மாலையைக் கழட்டி முகம் கழுவுற தொட்டிக்குள்ளை போட்டிட்டு, நிலத்திலை குந்தியிருந்து, ஒளிச்சுக் கொண்டுவந்த ஷொக்கொலா பாணைத் தின்னுதாம் மைனா! பசியாம்! நான் பிள்ளையைப் பட்டினி போட்டனாம்!"

சிவரஞ்சினி மச்சாளின் கையை விட்டாள். ஷொக்கொலா பாணா? பிள்ளை சொக்லேட் ரொட்டி கொண்டுபோனது அவளுக்கே தெரியாதே! கதவு உள்ளே பூட்டியிருந்தது. வெளியே நின்றவளுக்கு விம்மல் மட்டும்தான் கேட்டது. தொட்டியில் கிடந்த மாலையையும் நிலத்தில் குந்தித் தின்றதையும் கண்டவள் உலகத்தில் ஒருத்திதான்...

மெல்லத் திரும்பிப் பார்த்தாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆனைஸின் முகத்தில் இரத்தமே இல்லை. கண்கள் மட்டும் மாமியைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தன.

ஐயோ பிள்ளை! சொந்த வீட்டில் வாய் திறக்க முடியாமல், ஊர் பேர் தெரியாத வாசகியாகப் போய்த் தன் மச்சாள் அக்‌ஷராவிடம் அழுதிருக்கிறது. இப்போது உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும்? பல வருடம் கோயில் கோயிலாக நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளை என்று வள்ளிநாயகி பார்ப்பாளா? அடிப்பாள். போனைப் பறிப்பாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை யாரிடமும் வாய் திறக்காது. சொல்லாவிட்டால் தன் பிள்ளை பழிகாரி. இரண்டு பக்கமும் பெண் பிள்ளை. எந்தப் பக்கம் சாய்வது? சிவரஞ்சினிக்கு ஒரு வழியும் தெரியவில்லை. தெரிந்த ஒரே வழி, காலமெல்லாம் செய்ததுபோல, தன் தலையைக் கொடுப்பதுதான்.

"ஓம் மச்சாள்" என்றாள். "நான்தான் சொன்னனான்."

"அம்மா!" அக்‌ஷரா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். "என்ன பொய் இது?"

"நீ பேசாமல் இரு பிள்ளை."

மகளை ஒருநாளும் அதட்டாதவள் அதட்டினாள். அக்‌ஷரா தாயைப் பார்த்தாள். தாய் பார்த்த திசையையும் பார்த்தாள். பிறகு மெல்லக் கதிரையில் உட்கார்ந்தாள்.

தவசீலன் மனைவியிடம் திரும்பினான். "எங்களுக்குச் சோறு போட்ட மனுசிக்கு இதுதானோ நீ செய்த கைம்மாறு? அக்‌ஷரா, உந்தப் படத்தை இப்பவே அழி. இல்லாட்டி என்ரை வீட்டிலை இருக்காதை!"

"அம்மா சொல்லட்டும். அம்மா சொன்னால் அழிக்கிறன்."

எல்லோரும் சிவரஞ்சினியைப் பார்த்தார்கள். வாசலில் நின்ற ஆனைஸ் யாருக்கும் தெரியாமல் ஒரே ஒரு தரம் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று. அந்தப் படத்துக்குக் கீழே முகம் தெரியாத எத்தனையோ பெண் பிள்ளைகள் 'எனக்கும் இப்படித்தான், நீ தனியாள் இல்லை' என்று அவளுக்கு எழுதியிருந்தார்கள். அது சிவரஞ்சினிக்குத் தெரியாது. பிள்ளை தலையாட்டியது மட்டும்தான் தெரியும். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"அழிக்காதை" என்றாள்.

வள்ளிநாயகி மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "இண்டையோடை உனக்கும் எனக்கும் ஒண்டுமில்லை! என்ரை செத்த வீட்டுக்கும் வந்திடாதை!" படியிறங்கும் சத்தம் தேய்ந்து மறைந்தபோது குசினியெல்லாம் ரொட்டி கருகிய புகை.

அன்று பின்னேரமே அக்‌ஷரா பையைத் தூக்கிக்கொண்டு சிநேகிதியின் அறைக்குப் போனாள். தாய் கீழ்ப்படி வரைக்கும் கூடப் போனாள்.

"அம்மா... எழுதினது ஆரெண்டு எனக்கு இப்பத்தான் விளங்குது."

"விளங்கினால் விளங்கினபடி வைச்சிரு. என்னட்டையும் சொல்லாதை."

"அப்ப நீங்கள்? எல்லாரும் உங்களைத்தானே பேசப் போகினம்?"

"நான் பேச்சுக் கேட்டுப் பழகின ஆள்தானே..." என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. மகளின் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் சிவரஞ்சினி மரக்கறி தெரிந்தெடுக்கப் போனால், பக்கத்தில் நிற்பவள் தன் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். "வீட்டுக் கதையை இன்டர்நெட்டிலை ஏத்தினவ இவதான்" என்று காதுபடவே சொன்னார்கள். தவசீலன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான், சுவரைப் பார்த்துப் படுத்தான்.

அக்‌ஷராவின் பாடு அதைவிட மோசம். அவளுக்கு வாசகர்கள் எழுதுவதெல்லாம் பொய், சொந்தக்காரரின் வீட்டைத் திருடிக் கீறுகிறாள் என்று கதை பரவியது. தமிழ்ப் பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை போடுவதற்குக் கதையே இல்லாமல் வெறும் வெள்ளைக் கட்டம் ஒன்றைப் போட்டாள். எழுதியது யார் என்று ஒரு வார்த்தை சொன்னால் பெயர் மீளும். ஆனாலும் அவள் சொல்லவில்லை. தாயும் மகளும் போனில் பேசினால் "சாப்பிட்டியோ?" "ஓம்" என்பதற்குமேல் ஒன்றும் வராது. தீபாவளிக்குச் சார்செலிலிருந்து ஒரு அழைப்பும் வரவில்லை.

தீபாவளி கழிந்து அடுத்த நாள் காலை, வேலை முடிந்து வந்த சிவரஞ்சினி கதவைத் திறக்கப் போனாள். படியில் வள்ளிநாயகி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆனைஸ். எவ்வளவு நேரமாக இருக்கிறார்களோ தெரியாது, மணியை அடிக்கவில்லை.

"மச்சாள்...?"

"நேற்றுச் சீலை உடுத்திவிடப் போனன் ரஞ்சினி. 'மாமி வராமல் உடுக்கமாட்டன், அதை எழுதினது நான்தான்' எண்டாள். அடிச்சுப்போட்டன்... கை ஓயுமட்டும் அடிச்சுப்போட்டன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை இவள். 'மாமி எனக்காகத்தான் பொய் சொன்னவா, அக்‌ஷரா மச்சாள் எனக்காகத்தான் வீட்டை விட்டுப் போனவா' எண்டு அதையேதான் சொன்னாள்..."

சிவரஞ்சினி பையைப் போட்டுவிட்டு ஆனைஸை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். வள்ளிநாயகி முன்றானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நான் பெரியபிள்ளையானதுக்கு ஒண்டும் செய்யேல்லை ரஞ்சினி. ஊரிலை இந்தியன் ஆமி வந்து சண்டை நடந்த நேரம். கோயில் மண்டபத்திலை சனத்தோடை சனமாக் கிடந்தம். அம்மா ஒரு வாளித் தண்ணியை வாத்து, ஆரின்ரையோ பழஞ்சீலையைச் சுத்தி, ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டவா. எனக்கொரு பொம்பிளைப் பிள்ளை பிறந்தால் ஊரே பாக்கச் செய்யவேணும் எண்டு அண்டைக்கு நினைச்சனான்... இவள் உள்ளுக்கிருந்து அழுதவள் எண்டு நீயாவது என்னட்டைச் சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தால் நிப்பாட்டியிருப்பியளோ மச்சாள்?"

வள்ளிநாயகி தலை குனிந்தாள். "இல்லை" என்றாள். "அவ்வளவு சனத்துக்கு முன்னாலை... இல்லை ரஞ்சினி. நிப்பாட்டியிருக்கமாட்டன்."

பேச்சுச் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த தவசீலன் எல்லாவற்றையும் கேட்டபடி நின்றான். மனைவியின் முகத்தைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. "ரஞ்சினி... என்னட்டையாவது சொல்லியிருக்கலாம்" என்றான். "நீங்கள் கேக்கேல்லையே" என்றாள் அவள். அவன் உள்ளே போய் மகளுக்குப் போன் எடுத்தான். வகுப்பில் இருந்தாளோ என்னவோ, எடுக்கவில்லை. பேசிப் பழக்கமில்லாத மனுஷன், "அப்பா கதைக்கிறன்... வீட்டை வா மகள்" என்று ஒலிப்பதிவு ஒன்று வைத்தான். அவள் வருவாளா என்று யாருக்கும் தெரியாது.

"இண்டைக்கு விடிய, படத்துக்குக் கீழை என்ரை பேரைப் போட்டு எழுதிட்டன் மாமி" என்றாள் ஆனைஸ். "அக்‌ஷரா மச்சாள் ஒண்டும் திருடேல்லை எண்டு."

வள்ளிநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளிடம் போனை நீட்டினாள். "எனக்கு உந்தப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. பிரசாந்தன் சொன்னதைத்தான் கேட்டனான். நீ வாசி. தமிழிலை சொல்லு. முழுக்கச் சொல்லு."

அங்கேயே படியில் உட்கார்ந்தபடி ஆனைஸ் வாசித்தாள். அவளுடைய தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். மூன்று சேலை, கொக்கு, பூட்டிய கதவு, ஷொக்கொலா பாண், ஒவ்வொரு கட்டமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசிக் கட்டத்தில் நிறுத்தினாள். அங்கே மைனா மாலையைத் திரும்பப் போட்டுக்கொண்டு மேடைக்கு நடக்கிறது. பிரசாந்தன் அந்த இடத்தைச் சொல்லவேயில்லை.

"இதிலை என்ன எழுதிக்கிடக்கு?"

"எனக்கு... வெளியிலை வர விருப்பமில்லை. ஆனால் அம்மா அங்கை நிண்டவா. அம்மா அவ்வளவு... சந்தோஷமா இருந்து நான் ஒருநாளும் பாக்கேல்லை. அதாலை வந்தனான்."

வள்ளிநாயகி மகளைக் கட்டிப்பிடிக்கக் கையை நீட்டினாள். நேற்று அடித்த கை அது. அடித்த தடம் பிள்ளையின் கன்னத்தில் இன்னும் சிவந்து கிடந்தது. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தாள்.

"பிள்ளை... அம்மா கட்டிப்பிடிக்கட்டே?"

பிறந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளையிடம் அவள் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. ஆனைஸ் தாயைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். வள்ளிநாயகி காத்திருந்தாள்.

"ஓம்" என்றாள் பிள்ளை.