இருபத்தைந்து நாள் கரண்ட்

“நான் தள்ளல மேடம். எத்தன தடவ கேட்டாலும் இதான்.”

“பக்கத்து வீட்டுல சத்தம் கேட்டிருக்கு.”

“சண்ட போட்டோம். தள்ளல.”

காலை 9.40. திருப்பனந்தாள் பக்கம் ஒரு வீட்டுக் கொல்லையில் நின்று கேட்டவர் சப்-இன்ஸ்பெக்டர் கமருன்னிஸா. பதில் சொன்னவள் அந்த வீட்டு மருமகள் விஜயலட்சுமி. முந்தின நாள் காலை அவளுடைய மாமியார் தங்கம்மாள் இதே இடத்தில் விழுந்து கிடந்தார். வயது நாற்பத்தாறு. இடுப்பை ஒட்டித் தொடை எலும்பு முறிந்திருந்தது. இந்த வயதில் வெறுமனே சறுக்கினால் இப்படி முறியாது, யாரோ பலமாகத் தள்ளியிருக்க வேண்டும் என்று கும்பகோணத்து ஆஸ்பத்திரி டாக்டர் எழுதிவிட்டார். தங்கம்மாளின் தம்பி ரெத்தினம் புகார் கொடுத்தார். தங்கம்மாள் மட்டும் வாயே திறக்கவில்லை.

“எதுக்குச் சண்ட?”

“தண்ணி தூக்காதீங்கன்னேன். கேக்கல.”

கொடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. கமருன்னிஸா ஓர் உள்பாவாடையின் ஓரத்தைத் திருப்பினார். மடித்துத் தைத்த இடத்துக்கு மேல் இன்னொரு மடிப்பு.

“அத்தையோடது மேடம். தரையில இழுக்குதுன்னு வருஷா வருஷம் மடிச்சுத் தைப்பாங்க. துணி சுருங்கிப் பாத்திருக்கேன், வளந்து பாத்ததில்லன்னு கிண்டல் பண்ணுவேன்.”

ரெத்தினம் வாசலிலிருந்து வந்தார். “பாவாட பாக்கவா வந்தீங்க? இவள ஜீப்புல ஏத்துங்க மேடம்.”

“அக்காவுக்கு முன்னாடி ஆபரேஷன் ஏதாவது?”

“நாலு வருஷம் முன்ன, கட்டின்னு கர்ப்பப்பைய எடுத்தாங்க. டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன். எல்லா வீட்லயும் நடக்குறதுதானே.”

“அப்புறம்?”

“முதுகு வலின்னு இருபத்தஞ்சு நாள் தஞ்சாவூர் போய் கரண்ட் வெச்சுக்கிட்டாங்க. நாந்தான் பஸ் ஏத்திவிடுவேன்.”

விஜயலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

மதியம் 12.15. கும்பகோணம் ஆஸ்பத்திரியில் கமருன்னிஸா முதலில் டாக்டரைப் பார்த்தார். பிறகு விஜயலட்சுமியோடு தங்கம்மாள் படுத்திருந்த அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். ரெத்தினம் வெளியே நின்றார்.

“முதுகு வலிக்கு உங்க கடைத்தெருவுலயே கரண்ட் வைக்கிறாங்கம்மா. போர்டப் பாத்துட்டுத்தான் வரேன். அதுக்கு யாரும் தஞ்சாவூருக்கு இருபத்தஞ்சு நாள் பஸ் ஏற மாட்டாங்க. அங்க வைக்கிறது வேற கரண்ட். புத்து நோய்க்கு வைக்கிறது. ரெண்டுக்கும் நம்ம ஊர்ல ஒரே பேரு.”

தங்கம்மாள் மருமகளைப் பார்த்தார். “சொல்லிட்டியா?”

“சத்தியமா இல்லத்தே.”

“அவ சொல்லல. ஜெயிலுக்குப் போறதா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டா,” என்றார் கமருன்னிஸா. “கர்ப்பப்பையோட சினைப்பையையும் எடுத்தாங்கல்ல?”

தங்கம்மாள் தலையசைத்தார்.

“சினைப்பைதான் எலும்புக்குக் காவல்னு டாக்டர் சொல்றாரு. நாப்பத்திரண்டு வயசுல அது போச்சு. மேல கரண்ட் வேற. எலும்பு உள்ளுக்குள்ள கரைஞ்சுக்கிட்டே வந்திருக்கு. முதுகெலும்பு நசுங்கி நீங்க குட்டையாயிட்டீங்க. பாவாட வளரல. ஈரத்துல லேசா சறுக்கினதே போதும், முறிஞ்சிருச்சு. கட்டின்னு மட்டும் காதுல விழுந்ததால டாக்டருக்கு எலும்புமேல சந்தேகம் வரல, ஆள்மேல வந்துச்சு. உங்களக் கீழ தள்ளினது யாருமில்ல. அந்த எலும்புதான்.”



“ஆவணியில எம்பொண்ணு செம்மொழிக்குக் கல்யாணம்,” என்றார் தங்கம்மாள். “ரெத்தினம் பொண்டாட்டி வழிச் சம்பந்தம். தாய்க்கு வந்தா மகளுக்கும் வரும்னு பேசுவாங்க. அதான் மூடி வெச்சேன். நேத்து வாயத் தொறந்தா, ஏன் முறிஞ்சுதுன்னு தோண்டுவாங்கன்னு பயந்துட்டேன். இவள இழுப்பாங்கன்னு நெனக்கல.”

“உள்ளத எழுதினாத்தாம்மா இவள விட முடியும். இன்னொரு எலும்பு முறியாம மருந்தும் கொடுக்க முடியும்.”

கமருன்னிஸா எழுதி முடித்தார். புகார் கொடுத்தவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. கதவு தட்டப்பட்டது. “முடிஞ்சுதா மேடம்?” ரெத்தினத்தின் குரல்.

தங்கம்மாள் எட்டி, காகிதத்தின் மேல் கையை வைத்தார்.

“மேடம், அவனுக்குப் படிக்கக் கொடுக்காம, சறுக்கி விழுந்தேன்னு மட்டும் நீங்களே வாயால சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கிறீங்களா?”