உதட்டுக்குள் முளைத்தவை

சோற்றை மெல்லும்போதுதான் வரதராஜுலுவின் நாக்கில் அது தட்டுப்பட்டது. கீழுதட்டின் உட்புறம், ஜவ்வரிசி அளவில், வழவழவென்று ஒன்று. வலியில்லை. நாக்கால் அழுத்தினால் அடங்கியது. எடுத்ததும் மெல்ல எழுந்தது.

அவன் மில்லில் தறி ஓட்டுகிறவன். ஊடை நூல் தீரும்போதெல்லாம் புது நூல்கண்டை, தறியில் குறுக்கும் மறுக்கும் ஓடும் மரக்கட்டையான நாடாவுக்குள் வைத்து, அதன் ஓரத் துளையில் வாயைப் பொருத்தி, நுனியை உறிஞ்சி வெளியே எடுக்க வேண்டும். ஒரு ஷிப்டுக்கு நூறு தடவையாவது. காலை ஷிப்டில் அதே நாடாவை உறிஞ்சுகிறவன் பீர் முகம்மது.

"உனக்கும் வந்துபோட்டுதா?" என்று சிரித்தான் அவன். "எனக்கு வந்து போயிருச்சப்பா. பொண்டாட்டிக்குக்கூட இத்தனை முத்தம் குடுத்திருக்க மாட்டோம், அந்த நாடாவுக்குக் குடுக்கறோம்!"

ஆர்.எஸ்.புரத்து டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "சும்மா கிருமிதானுங்க. எச்சில்ல ஒட்டும். உயிருக்கு ஒண்ணுமில்லீங்க, தானா மறைஞ்சிரும்."

எச்சில் என்ற ஒரு சொல்தான் அவனோடு வீட்டுக்கு வந்தது. வீட்டில் பத்து மாதப் பெண் பங்காரம்மா இருந்தாள். அப்பனைக் கண்டதும் வாயைப் பிளந்துகொண்டு தாவி, அவன் முகமெல்லாம் நனைக்கிறவள். அன்று முதல் அவளை அவன் தூக்கவில்லை. தனித் தட்டு, தனி டம்ளர். பேசவும் பயந்தான்.

"ஏனுங்க, புள்ளை மேல என்னங்க கோவம்?" என்றாள் மனைவி ராமாமணி.

துண்டால் வாயை மூடிக்கொண்டு திண்ணைக்குப் போய்ப் படுத்தான்.

ஒரு மாதத்தில் இரண்டு கன்னங்களின் உள்ளேயும் அவை நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டன. உப்புநீர் கொப்பளித்தான். படிகாரம் தேய்த்தான். கடைசியில் சவர பிளேடு. அறுத்த இடத்தில் மறுநாள் இரண்டு இருந்தன. அதன் பிறகுதான், எண்ணெய் வாடையும் பஞ்சுத் தூசியும் அப்பிய மில் கொட்டகையில், தறிகளின் இரைச்சலுக்கு அடியில் மெல்லிய முனகல் ஒன்று அவனுக்குக் கேட்கத் தொடங்கியது. பெல்ட் உரசுகிறது என்று எண்ணிக்கொண்டான்.

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போயிற்று. அத்தனை தறிகளும் நின்றன.

முனகல் நிற்கவில்லை.

பக்கத்துத் தறிக்காரர் நிமிர்ந்தார். "யாருப்பா பாடறது?"

வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். ராமாமணி தண்ணீருக்குப் போயிருந்தாள். பாயில் கிடந்த குழந்தை வீறிட்டு அழுதது. தூக்கக் கூடாது. கிட்டப் போகக் கூடாது. கதவோரம் சரிந்து உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் உதடுகளை அழுத்தினான்.

அழுகை நின்றது.

உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே, ராமாமணி குழந்தைக்குப் பாடும் தெலுங்குத் தாலாட்டு. அவள் குரலில்லை. கடுகளவு குரல்கள். நூறு. ஒரே சுருதியில்.

குழந்தை சிரித்தது. தவழ்ந்து வந்தது. அவன் கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டான். அவன் முழங்காலைப் பிடித்து அவள் நின்றாள். வாயைத் திறந்துகொண்டு, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

உள்ளிருந்தும் உதடுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.