வெளிப்பூட்டு

கதவின் வெளித்தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளே செங்கொடி இருந்தாள்.

ஜெயவேல் மீன் கூடையை இறக்கிவிட்டுத் தாழ்ப்பாளை விலக்கினான். இரும்பு ஈரமாக, சில்லென்று இருந்தது. திருவொற்றியூரின் அந்தக் குப்பத்தில், வீட்டு ஆள் கடலில் இருக்கும்போது கதவுக்குத் தாழ் போடுகிற வழக்கமே கிடையாது. கரை திரும்புகிறவன் தன் வாசலில் தட்டி நிற்கக் கூடாது என்பார்கள்.

"யாரும்மா வெளிய தாப்பா போட்டது?"

"நீதான் போட்டுகினு போய்ட்டன்னு நெனச்சேன் நைனா." இளைய மகள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்தக் காலேஜ்னு இன்னிக்கே போன்ல போட்டாவணும். மெட்ரோல போய்ட்டு வர்றதா, வெளியூர் ஆஸ்டலா?"

மூத்தவள் மகிழினிக்கும் இதே கேள்விதான் வந்தது. அவள் மெட்ரோவில் போய்வருகிற கல்லூரியைத்தான் கேட்டாள். இருட்டிய பிறகு லாரிகளுக்கு நடுவே பெண் தனியாக வருவதற்கு ஜெயவேல் ஒப்பவில்லை. வெளியூர் விடுதி ஒன்றைப் போய்ப் பார்த்தான். சாயங்காலமானால் வாசலுக்கு வெளியே பெரிய பூட்டு. பூட்டே இல்லாத வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதைக் கண்டதும் மனசு நிறைந்துவிட்டது. பாவி மனுஷன், சாவி யாரிடம் என்றுகூட விசாரிக்காமல் அவளை அங்கே சேர்த்துவிட்டான்.

ஒரு நாள் அவள் போன் செய்தாள். "நைனா, சாவி வெச்சிகினு கீற ஆளு சரியில்ல. உள்ள வர்றான்."

"வெளிய பூட்டிதானே கீது? இன்னா பயம்?" என்று சிரித்துவிட்டு வலையை ஏற்றப் போனான்.

அந்த வாரமே விடுதி மாடியின் தண்ணீர்த் தொட்டியிலிருந்து அவளை எடுத்தார்கள். அந்தப் போனைப் பற்றி மனைவியிடம் இன்றுவரை அவன் வாய் திறக்கவில்லை. குற்ற உணர்ச்சி அவனை உள்ளுக்குள் அரித்துத் தின்றது. ஆனாலும் ரோட்டைப் பற்றிய பயம் மட்டும் விடவில்லை.

"ஆஸ்டலே போடும்மா," என்றான். "பூட்டு கீற எடமா பாத்து."

கரண்ட் போனது. எண்ணூர் சாலையில் ஓயாமல் கேட்கும் கன்டெய்னர் லாரிகளின் உறுமலும், பக்கத்து வீட்டு டிவியும், அலையும்கூட ஒரே சமயத்தில் அடங்கின. அவன் உடம்பிலிருந்த மீன் வாடையையும் மீறி, பாசி பிடித்த தொட்டித் தண்ணீரின் வாடை அறையை நிறைத்தது.

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் இழுபட்டது. பிறகு, ஒரு பூட்டு மாட்டும் சத்தம்.

இந்த வீட்டில் பூட்டே கிடையாது.

தோளால் மோதினான். அசையவில்லை.

"செங்கொடி!"



திரும்பினான். போன் தரையில் கிடந்தது. அதன் வெளிச்சத்தில் ஈரக் காலடிகள். வாசலிலிருந்து உள்ளே. உள்ளே மட்டும்.

மகளின் வாயை ஒரு கை பொத்தியிருந்தது. ஊறி வெளுத்த கை. மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. விடுதியில் விட்டுவரும்போது அவன் கட்டிவிட்டது.

"வெளிய பூட்டிதானே கீது நைனா," என்றது மகிழினியின் குரல். "இன்னா பயம்?"

அந்தக் கைக்கு மேலே, செங்கொடியின் கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.