இருபத்து நான்காம் கட்டில்

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு இந்தக் கட்டில்ல மரியாமா படுத்திருக்கணும். இல்லேன்னா, அடுத்த வருஷம் நாம வர்றப்ப அவ உயிரோட இருக்கமாட்டா!"

இன்னும் விடியாத அந்த வேளையில், டாக்டர் தியோடர் இருபத்து நான்காம் எண் எழுதிய கட்டிலைச் சுட்டிக் காட்டினார். விரிப்பு மடிப்புக் கலையாமல் கிடந்தது.

'விடிவெள்ளி' என்னும் அந்த மருத்துவக் கப்பல், மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் வாமி ஆற்றின் முகத்துவாரத்தில் எட்டு மாதங்களாக நங்கூரமிட்டிருந்தது. தொம்பே என்னும் ஆற்றங்கரைச் சிற்றூரைச் சேர்ந்த மரியாமா இரு குழந்தைகளின் தாய். அவளுடைய தாடையில் தேங்காயளவு வளர்ந்திருந்த கட்டி, மூச்சுக்குழலை நெருக்கிக்கொண்டிருந்தது. மூன்று நாள்களுக்கு முன்பே அவள் கப்பலுக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. மறுநாளோ அறுவை சிகிச்சைக்குரிய கடைசி நாள்!

"நான் போய்க் கூட்டிட்டு வாரேன், டாக்டர்," என்றாள் ஞானசெல்வம்.

சாயர்புரத்திலிருந்து தொண்டு செய்ய வந்திருந்த இருபத்தேழு வயதுச் செவிலி அவள். வந்த முதல் மாதமே மலேரியாவில் விழுந்தாள். மூன்றாம் மாதம் மின்னாக்கி அறையில் தீப்பற்றி, ஆறு வாரம் சிகிச்சைகள் நின்றன. சென்ற மாதமோ, அறுவை முடிந்த இரண்டாம் நாள், கெலே என்னும் முதிய மீனவர் இரத்தப்போக்கால் அவள் கண்ணெதிரே இறந்தார். அன்று முதல் அவளுக்கு ஜெபம் வறண்டுபோயிற்று. ஆயினும் நாள்தோறும் முழந்தாளிட அவள் தவறியதில்லை. "கர்த்தாவே, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை; ஆனாலும் வந்திருக்கிறேன்." சில நாள்களில் அவளுடைய ஜெபம் அவ்வளவே.

அந்தக் கெலேயின் ஊரும் தொம்பேதான்.

சற்று நேரத்தில் பொழுது புலர்ந்ததும் விசைப்படகு புறப்பட்டது. படகோட்டி பாக்கியநாதன் பர்னாந்து, மணப்பாட்டுக்காரர். கடலில் முப்பது ஆண்டு கண்டவர். உடன் வந்த மொமோ, அந்நாட்டு மொழிபெயர்ப்பாளர். ஞாயிறுதோறும் கோயிலில் முரசு கொட்டுபவர். மரியாமாவின் கணவன் லன்சனா, முன்பு அவளைப் பரிசோதனைக்கு அழைத்து வந்தபோது, அவளுடைய சிகிச்சைச் சீட்டின் பின்புறம் கரியால் வரைந்திருந்த வழியே அவர்களுக்கு வரைபடம். மூன்று கிளையாறுகள், அவற்றுள் இரண்டாவதில் இடப்புறம் திரும்ப வேண்டும்.

முதற்கிளையைக் கடந்து இரண்டாவதை நெருங்கும்போது, 'கர்ர்ர்' என்று எந்திரம் நின்றது!

"விசிறியில பழைய வலை சுத்திக்கிட்டு, சிஸ்டர்!" என்று கத்திய பர்னாந்து, கத்தியைப் பல்லில் கவ்விக்கொண்டு நீரில் குதித்தார். கால்மணி நேரம் மூழ்கியும் எழுந்தும் வலையை அறுத்தெறிந்துவிட்டுப் படகிலேறினார்.

"ஸ்தோத்திரம்!" என்றாள் ஞானசெல்வம். "அண்ணாச்சி, ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டுப் போவமே."

மூவரும் கண்களை மூடினர். பல நாள் வறட்சிக்குப் பின் அவளுக்கு வார்த்தைகள் பெருகி வந்தன. மரியாமாவுக்காக, டாக்டருக்காக, கப்பலில் படுத்திருப்போருக்காக, சாயர்புரம் சபைக்காக, அங்கு மழை பெய்வதற்காக என்று ஜெபம் நீண்டது. கடலேற்றமோ படகை ஓசையின்றி ஆற்றின் மேலே தள்ளிக்கொண்டு சென்றது! "ஆமென்" சொல்லிக் கண் திறந்தபோது எதிரே ஒரு கிளையாறு. அதையே இரண்டாவதென்று எண்ணி உள்ளே நுழைந்தனர்.

ஒரு மணி நேரம் ஓடியபின், சதுப்புமரங்களின் நடுவே வழி அடைபட்டது. படகு சேற்றில் புதைந்தது. மொமோ வரைபடத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "இது மூன்றாவது கிளை!"

பர்னாந்து இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார். "இதுக்குப் பேரு சின்ன ஜெபமா, சிஸ்டர்? எங்க ஊர்ல பாட்டுப் பூசையே இதைவிடச் சுருக்கா முடிஞ்சிருமே!"

ஞானசெல்வத்துக்குக் கண் கலங்கிற்று. வாய்திறந்து ஜெபித்த ஒரு நாளும் இப்படியா முடிய வேண்டும்! அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தப்பு என் மேலதான், அண்ணாச்சி. கர்த்தர் மேல இல்ல. ஆத்துல போறப்ப ஒருத்தராவது கண்ணத் திறந்துக்கிட்டு இருந்திருக்கணும்."

"அந்த ஒருத்தன் இனிமே நான். நீங்க எம்புட்டு நீளமா வேணாலும் ஜெபிங்க, நான் தண்ணியப் பாத்துக்கிடுதேன். இப்ப எறங்கித் தள்ளுங்க!"

மூவரும் முழங்காலளவு சேற்றில் இறங்கித் தள்ளினர். படகு அசையத் தொடங்கிய வேளையில், பத்தடித் தொலைவில் ஒரு மரக்கட்டை கண் விழித்தது!

"முதலை! ஏறுங்க!"

மொமோ ஒரே பாய்ச்சலில் படகிலேறி, வெற்று எண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்து, இரு கைகளாலும் முழக்கத் தொடங்கினார். சதுப்பு முழுவதும் அதிர்ந்தது. பறவைகள் கூட்டமாக எழுந்து பறந்தன. முதலை சற்றே தயங்கி, வாலைச் சுழற்றி, நீருக்குள் அமிழ்ந்தது. அதற்குள் ஞானசெல்வமும் பர்னாந்தும் துடுப்பை ஊன்றிப் படகை ஆழத்துக்குத் தள்ளிவிட்டனர்.

"நம்ம கோயில்ல இவர் இப்பிடி அடிச்சா பாதி சனம் ஓடிரும்!" என்று மூச்சு வாங்கினார் பர்னாந்து. மொமோவுக்கு அதை மொழிபெயர்க்க ஞானசெல்வம் மறுத்துவிட்டாள்.

நண்பகலில் தொம்பே தென்பட்டது. ஆனால் வரவேற்க எவரும் இல்லை. கோல்களை ஊன்றிய ஆடவர் பதின்மர் கரையில் வரிசையாக நின்றனர். அவர்களின் நடுவே லன்சனா தலைகுனிந்து நின்றான். பின்னால், ஒரு குடிசை வாயிலில், முகத்தைத் துணியால் மூடிய மரியாமா மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தாள். அந்த இரைச்சல் கரைவரை கேட்டது.

"கெலேயைக் கொண்டுபோன கப்பல் இது. இன்னோர் ஆளைத் தரமாட்டோம் என்கிறார்கள்," என்று மொமோ மொழிபெயர்த்தார்.

பர்னாந்து மெல்லக் குனிந்தார். "சிஸ்டர், அவரு வேற நோயில போனாருன்னு சொல்லிருவோம். ஒரு உசுருக்காக ஒரு பொய். மாதா மன்னிச்சிருவா."

"வேண்டாம் அண்ணாச்சி. பொய்யச் சொல்லி அவளக் கத்திக்குக் கீழ படுக்க வைக்க மாட்டேன்."

கூட்டம் விலகியது. கெலேயின் மனைவி யெவா முன்னே வந்தாள். நெடிய உருவம், நீல நிறத் துக்க ஆடை.

"என் கணவர் இறந்தபோது அருகில் இருந்தவர் யார்?"

"நான்தான், அம்மா."

"இவளும் அப்படி இறக்கக்கூடுமோ?"

"கூடும். இறக்கமாட்டாள் என்று நான் வாக்குத் தர இயலாது. ஆனால் இங்கேயே இருந்தால், மழைக்காலம் முடியுமுன் மூச்சு அடைத்துவிடும். அது உறுதி."

"உன் கடவுள் அவரை ஏன் காக்கவில்லை?"

ஞானசெல்வம் ஒரு கணம் நிலத்தைப் பார்த்தாள். பின்னர் நிமிர்ந்தாள். "எனக்குத் தெரியாது. நாள்தோறும் கேட்கிறேன். பதில் வரவில்லை. ஆனாலும் அவரை விட்டு நான் போகவில்லை. அவரும் என்னை விடவில்லை என்றே நம்புகிறேன்."

மொமோ மொழிபெயர்த்து முடித்தார். யெவா மெல்லத் திரும்பி ஊராரை நோக்கினாள்.

"இவர்கள் கெலேயின் உடலை ஆற்றுமுகத் துறையில் இறக்கிவிட்டுப் போயிருக்கலாம். நான் தோணியில் போய்ச் சேர ஒரு பகல் முழுவதும் ஆயிற்று. அந்தப் பகல் முழுவதும் இந்தப் பெண் வெயிலில் அமர்ந்து, அவர்மீது ஈ மொய்க்காமல் விசிறிக்கொண்டிருந்தாள். நான் வந்த பிறகே எழுந்தாள். இறந்தவரைத் தனியே விடாதவள், உயிருள்ளவளைக் கைவிடுவாளா?" அவள் மரியாமாவின் கையைப் பற்றித் தூக்கினாள். "இவளுடன் நானும் போகிறேன். தடுப்பவர் முன்னே வரட்டும்!"

எவரும் முன்னே வரவில்லை. லன்சனாவே மனைவியை இரு கைகளிலும் ஏந்திப் படகில் கிடத்தினான்.

அதற்குள் நீர் வற்றத் தொடங்கியிருந்தது. ஊருக்குக் கீழே மணல்திட்டில் படகு தட்டி நின்றது. "தள்ளுங்க! ஏலேலோ!" என்று பர்னாந்து மணப்பாட்டுக் குரலில் முழங்க, கோலேந்தி நின்ற அதே ஆடவர்கள் கோல்களை எறிந்துவிட்டு மார்பளவு நீரில் இறங்கினர். மொழி விளங்காவிடினும் தாளம் விளங்கிற்று. ஒரு தள்ளு! இன்னொரு தள்ளு! படகு ஆழத்தில் விழுந்து பாய்ந்தது. ஞானசெல்வம் மரியாமாவின் தலையை மடியில் நிமிர்த்திப் பிடித்து, ஒவ்வொரு மூச்சையும் காத்துக்கொண்டு வந்தாள்.

கதிரவன் சாயுமுன் இருபத்து நான்காம் கட்டில் நிறைந்தது!

மறுநாள் அறுவை ஆறு மணி நேரம் நீடித்தது. வாயிலில் யெவாவும் ஞானசெல்வமும் கைகோத்து அமர்ந்திருந்தனர். கதவு திறந்தது. டாக்டர் தியோடர் முகக்கவசத்தைக் கழற்றினார்.

"மூச்சு சீரா ஓடுது. கட்டி முழுசா வந்திருச்சு!"

அத்துடன் ஞானசெல்வம் ஓய்ந்துவிடவில்லை. கெலேயை இழந்த அந்த இரண்டாம் நாளை அவள் அஞ்சினாள். அன்று முழுவதும் கட்டிலருகே நின்று, மணிக்கொருமுறை காயத்தையும் நாடியையும் பார்த்தாள். அவளுடைய உதடுகள் ஜெபித்தன. கண்களோ நோயாளியை விட்டு அகலவில்லை. அந்நாளும் நலமே கழிந்தது.

பத்தாம் நாள் படகு மீண்டும் தொம்பேயை நெருங்கியது. மொமோ இம்முறை உண்மையான முரசையே கொண்டுவந்திருந்தார். கரையில் ஊரே திரண்டிருந்தது. நான்கு ஆண்டுகளாக முகத்தை மூடியிருந்த துணியை மரியாமா தோளில் போட்டுக்கொண்டு, படகின் முன்புறம் நிமிர்ந்து நின்றாள். லன்சனா ஓடி வந்து படகுக்குள் எட்டி எட்டிப் பார்த்தான். அவளைத் தாண்டி யாரையோ தேடினான்.

"யாரைத் தேடுகிறீர்? கூடக் கொஞ்சம் அழகானவளையா?" என்றாள் மரியாமா.

குரலைக் கேட்டவன் இடுப்பளவு நீரில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்! ஊரே கைகொட்டிச் சிரித்தது. யெவாவும், கணவரை இழந்தபின் முதன்முறையாக, வாய்விட்டுச் சிரித்தாள்.

சிரிப்பு அடங்குமுன் ஒரு மூதாட்டி தன் பேரனின் பிளவுபட்ட உதட்டைக் காட்டினாள். ஒருவர் வளைந்த காலைக் காட்டினார். அடுத்த ஆண்டுக்கென ஞானசெல்வம் ஒன்பது பெயர்களை எழுதிக்கொண்டாள். தடைகள் வாராமலிருப்பதன்று விசுவாசம். வந்த தடைக்குப் பின்னும் அடுத்த வேலைக்குக் கை நீட்டுவதே என்பதை அவள் அன்று கற்றுக்கொண்டாள்.

"கப்பல் வரும். நீ வருவாயா?" என்று யெவா கேட்டாள்.

மொமோ மொழிபெயர்ப்பதற்குள் ஞானசெல்வம் பதில் சொல்லிவிட்டாள்.

"வருவேன்!"